ஒரு ஆள் குறையுது

கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தால் இடது கைப்பக்கம் ஒரு சின்ன அறை. அந்தக் காலத்தில் காவல்காரன் தூங்கிய அறை. இப்போது சுற்றுலா கம்பெனியின் டிக்கெட் அறை. அதன் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கடைத்தெரு கண்விழிக்கும்போதே உட்கார்ந்திருப்பாள். கடைசி பஸ் திரும்பி, ஆட்கள் இறங்கித் தலை மறைகிறவரை உட்கார்ந்திருப்பாள். கல்யாணமான புதிதில் உட்கார்ந்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அதே நாற்காலிதான். ஊரே அவளை ஜன்னலக்கா என்று கூப்பிடும். எல்லோரும் அவளை நெஞ்சுக்கு மேலேதான் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று எதிரே தொப்பி விற்கிறவரும் பக்கத்து டீக்கடைக்காரரும் ஒருமுறை பந்தயமே கட்டினார்கள்.

அந்த ஜன்னலுக்கு வராத குரல் கிடையாது. மூக்கால் பேசுகிறவர், மூச்சு வாங்கப் பேசுகிறவர், பேசாமலே விரலைக் காட்டுகிறவர்.

"அக்கா, ராஜா இருந்த எடத்துக்கு எந்த பஸ்?"

"அரண்மனைக்கா, சமாதிக்கா? ரெண்டுலயும் இருந்தாரு. சமாதியில இன்னமும் இருக்காரு."

"ஏசி உண்டா?"

"சமாதிக்கா, பஸ்ஸுக்கா?"

இப்படிச் சிரிக்காமல் கேட்பாள். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவாள்.

அவள் கணவர் அதே கம்பெனியில் வழிகாட்டி. குடைக்காரர் என்பது அவர் பெயர். அதாவது, அவருக்கு ஊர் வைத்த பெயர். பஸ்ஸிலிருந்து கூட்டம் இறங்கியதும் மஞ்சள் குடையை மேலே தூக்கிக்கொண்டு, "எல்லாரும்ம்ம் இங்க பாருங்க! இந்தப் பக்கம்ம்ம்!" என்று ஒரு குரல் கொடுப்பார். மாடத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறக்கும். பறக்காத புறா செவிட்டுப் புறா. கூட்டத்தைப் பார்த்தபடியே பேச வேண்டும் என்பதால் நாள் முழுக்கப் பின்பக்கமாகவே நடப்பார். ஊரை அவருக்குப் பின்பக்கமாகத்தான் தெரியும். ஒரு நாள் தனியாக முன்பக்கமாக நடந்து வந்தபோது தபால்பெட்டியில் முட்டிக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் குடை நுனியால் தலைகளை எண்ணுவார். கணக்கு இடித்தால் அவ்வளவுதான். "ஒரு ஆள் குறையுது! யாரும் நகரக்கூடாது!" கூட்டம் முழுதும் நின்ற இடத்தில் நின்றுவிடும். ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடி நிற்பார். தொலைந்தவர் கிடைக்கும்வரை நிற்க வேண்டியதுதான். முன்னொரு காலத்தில் யாரோ ஒருவரைப் பாதாளச் சிறையில் மறந்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கு முதலாளியே போட்ட சட்டம் இது: ஆள் குறைந்தால் வண்டி நகராது.

கல்யாணமான மறுவாரம், "வா, உனக்கு ஊரைச் சுத்திக் காட்டறேன்" என்று குடைக்காரர் அவளைக் கூட்டிப்போனார். அவளும் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கூட்டிப்போனது அவருடைய வேலை பஸ்ஸில். நாற்பது பயணிகள். ஓட்டுநருக்குப் பின் சீட்டில் இவள். முதல் திருப்பத்திலேயே குடை நுனி அவளை நோக்கி நீண்டது. "நாப்பத்தி ஒண்ணு!" என்றார் உரக்க.

"பொண்டாட்டின்னு சொல்லக்கூட தோணல உங்களுக்கு. நம்பர் போட்டுட்டீங்க" என்று இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

"கணக்கு சரியா இருந்துச்சுல்ல?" என்பார் அவரும், இன்றுவரை.

அந்தப் பயணத்தின் ஒரே போட்டோவை அவள் டிக்கெட் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். இந்தக் கோடியில் குடை. அந்தக் கோடியில் புடவை. நடுவில் முன்பின் தெரியாத நாற்பது பேர்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் முதலாளி ஜன்னலுக்கு வந்தார். முதலாளி எங்கே வந்தாலும் அவருக்கு முன்னால் அவர் போன் வரும். "ஆங்... ஆங்... சொல்லு... ஆங்... டயர மாத்திரு... ஆங்" என்று பேசிக்கொண்டே வந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"இந்த சீசனோட ஜன்னலை மூடிடலாம்னு இருக்கேன். எல்லாரும் போன்லயே டிக்கெட் எடுத்துடறாங்க. நீ பார்சல் ஆபீஸுக்கு வந்துடு. லேபிள் ஒட்டற வேலை. நிம்மதியா ஒட்டலாம்... ஆங், உன்கிட்ட இல்லய்யா, நீ டயரச் சொல்லு."

"அங்க ஜன்னல் இருக்கா முதலாளி?"

"பார்சலுக்கு எதுக்கும்மா ஜன்னல்?"

ஜன்னலக்கா டிக்கெட் கட்டை மேசைமேல் வைத்தாள். அவளிடம் ரொம்ப நாளாக ஒரு எண்ணம் ஊறிக்கொண்டிருந்தது. அதை அப்போதே எடுத்துப் போட்டாள்.

"மூடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. இந்த ஜன்னலுக்கு ஜோடி ஜோடியா வராங்க. புதுசா கல்யாணமானதுங்க, பேரன் பேத்தி எடுத்ததுங்க, எல்லாம்தான். வந்து, 'நாங்க ரெண்டு பேர் மட்டும் போற மாதிரி ஏதாச்சும் இருக்கா'ன்னு கேட்டுட்டு தரையப் பாக்கறாங்க. நான் பஸ்ஸுல ரெண்டு சீட்டுன்னு சொல்றேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டுப் போயிடறாங்க. அவங்களுக்குன்னு ஒரு பயணம் போடுவோம். பழைய ஊரு, ரெண்டே ஆளு, கூட்டம் கெடையாது, கத்தல் கெடையாது. அதுக்கு இந்த ஜன்னல் வேணும்."

"ரொமான்ஸா? நம்ம ஊர்லயா?" முதலாளி முதல்முறையாகப் போனைக் காதிலிருந்து எடுத்தார். "நம்ம ஊர்ல இருக்கறதே சமாதியும் சிறைச்சாலையும்தானேம்மா!"

"ஒரு தடவை நடத்திக் காட்டறேன். நல்லா இல்லைன்னா நானே பூட்டி, சாவிய உங்க கையில குடுத்துட்டு லேபிள் ஒட்டப் போறேன்."

"சரி, யாரை வச்சு நடத்துவ?"

"உங்களையும் அம்மாவையும் வச்சு."

பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு டீ கைமேல் கொட்டிவிட்டது. முதலாளியும் அவர் மனைவியும் சேர்ந்து தெருமுனை வரை நடந்துகூட ஊர் பார்த்ததில்லை. முதலாளி என்னென்னவோ சாக்குச் சொன்னார். ஜன்னலக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்குக் கால் இருக்கிறதா என்று தெரியாதவர்கள் இந்த வார்த்தையை நம்ப வேண்டாம். ஆனால் நின்றாள். கடைசியில் முதலாளியின் வீட்டு போனுக்கே கூப்பிட்டு முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில், "என்னைக்குன்னு சொல்லு, வரேன்" என்று ஒரே வாக்கியம். முதலாளி மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு காதல் கதை வேணும். இந்த ஊர்ல நடந்ததா."

குடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். அவருக்குத் தெரிந்த கதையில் எல்லாம் கத்தி இருந்தது. தூணுக்குப் பின்னால் குத்தியது, படிக்கட்டில் உருட்டியது, மாடத்திலிருந்து தள்ளியது.

"ஒண்ணு இருக்கு. ஒரு ராணி, சண்டைக்குப் போன ராஜாவுக்காக வருஷக்கணக்கா மாடத்துலயே காத்துக்கிட்டு இருந்தா."

"ஐயோ, நல்லா இருக்கே. அப்புறம்?"

"ராஜா வந்தாரு."

"சரி."

"சாப்பாட்டுல விஷம் வச்சுட்டா."

"இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல ஒரு ஜோடி கூடவா நல்லபடியா வாழல?"

"வாழ்ந்திருப்பாங்க. வாழ்ந்தவங்களுக்கு யாரு கல்வெட்டு வெட்டினா?"

அவள் கதையை விட்டுவிட்டாள். கதை இல்லாமலே பயணத்தைப் போட முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்தக் கூட்டத்தை எப்போது எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பதே அவள்தான். அப்படியென்றால் கூட்டம் எப்போது எங்கே இருக்காது என்பதும் அவளுக்குத்தானே தெரியும்? எல்லா பஸ்ஸும் அரண்மனையில் நிற்கும்போது மதில்மேல் ஈ காக்கை இருக்காது. எல்லோரும் சாப்பிடப் போகும்போது குளத்துப் படிக்கட்டு காலி. எல்லோரும் சமாதிக்குப் போனபின் ரகசிய மண்டபம் வெறுமனே கிடக்கும். கூட்டத்தின் முதுகுப்பக்கமாகவே ஒரு நாளை அவள் கோத்தாள். தினமும் காலையில் ஜன்னலைத் திறக்குமுன் தனியாக நடந்து பார்த்தாள். மதிலில் இரண்டு பேர் உட்காரத் தோதான கல் எது என்று உட்கார்ந்து பார்த்தாள். ஒருத்தி உட்கார்ந்து இரண்டு பேர் அளவைப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். கைப்பையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவள் பெரிதாக நம்பியது ரகசிய மண்டபத்தைத்தான். வட்டமான மண்டபம், மேலே குவிந்த கூரை. இந்தச் சுவரில் வாயை வைத்துக் கிசுகிசுத்தால் எதிர்ச்சுவரில் காதை வைத்தவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னமாதிரி கேட்கும். குடைக்காரர் கூட்டத்தோடு போகும்போது அங்கே எதுவுமே கேட்காது, அவர் குரலைத் தவிர.

அந்த மண்டபத்துச் சாவியும் மதில் கதவுச் சாவியும் வழிகாட்டிகளிடம்தான் இருக்கும். அதனால் அவரை விட்டால் வழியில்லை. முந்தின நாள் அவருக்குப் பாடம் எடுத்தாள்.

"கதவத் தொறக்கறீங்க, தூணுக்குப் பின்னாடி போயிடறீங்க. குடை கூடாது. பின்னாடி நடக்கக் கூடாது. யாரு யாரை எங்க குத்துனாங்கன்னு வாயே தொறக்கக் கூடாது."

"சரி."

"எண்ணக் கூடாது."

"ரெண்டே ரெண்டு பேரு! இதுல எண்ணறதுக்கு என்ன இருக்கு?"

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? நாப்பத்தி ஒண்ணு சொல்றேன், கேளுங்க."

விடிந்தது. முதலாளியம்மா நீலப்புடவையில் வந்தார். முதலாளி போனில் வந்தார். ஜன்னலக்கா உட்கார்ந்தபடியே, ஜன்னலிலிருந்து இருவரையும் வழியனுப்பினாள். டிக்கெட் கிழிக்கும் கை கிழித்தது. மனசு முழுக்க மதில்மேல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குடைக்காரர், குடை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"மதில் மேல என்ன பண்ணாங்க?" என்றாள் குரலை அடக்கி.

"அம்மா ஆத்தப் பாத்தாங்க. முதலாளி போனப் பாத்தாரு."

"கல்லுல ரெண்டு பேரும் சேந்து உக்காந்தாங்களா?"

"உக்காந்தாங்க. நடுவுல போன் சார்ஜர் உக்காந்துச்சு."

"நீங்க எங்க பாத்தீங்க?"

"நான் தூணப் பாத்தேன்."

"எண்ணுனீங்களா?"

அவர் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினார்.

"எண்ணுனீங்க!"

"மனசுக்குள்ளதான். சத்தமே வரல. ரெண்டு இருந்துச்சு."

குளத்துப் படிக்கட்டிலும் அதே கதைதான். தண்ணீர், வெயில், புறா, அம்மா. அப்புறம் "ஆங்... ஆங்... சொல்லு." ஜன்னலக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி மிச்சம் ரகசிய மண்டபம் மட்டும்தான். அதிலும் ஒன்றும் நடக்காவிட்டால் லேபிள்தான். நாக்கில் அப்போதே பசை ருசித்தது.

மத்தியானம் சாய்ந்த வேளை. பஸ்கள் எல்லாம் சமாதிக்குப் போயிருந்தன. கடைத்தெருவே கண் அயர்ந்திருந்தது. ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், முதலாளி!

"சீக்கிரம், சீக்கிரம். உன் சார்ஜரக் குடு. என்னுது மதில் மேலயே விட்டுட்டேன். அந்த மண்டபத்துக்குள்ள சிக்னலே இல்ல. டயர்காரன் கழுத்தறுக்கறான்."

"அம்மா எங்க?"

"உள்ளதான் இருக்கா. சுவத்துல காத வச்சுக்கிட்டு நிக்கறா. என்னைய எதிர்ச்சுவத்துக்குப் போகச் சொன்னா. போற வழியில அப்படியே வெளிய வந்துட்டேன். ரெண்டே நிமிஷம். அவளுக்குத் தெரியாது."

அவர் வாயை மூடவில்லை, அதற்குள் கோட்டைச் சுவரே அதிர்ந்தது.

"ஒரு ஆள் குறையுதூ!"

மண்டபத்துக் கூரை அதை வாங்கி, உருட்டி, திரும்பத் துப்பியது. குறையுதூ... குறையுதூ... றையுதூ...

"யாரும்ம்ம் நகரக்கூடாது!"

கூடாது... கூடாது... டாது...

புறாக் கூட்டம் மொத்தமும் கோட்டைக்கு மேல் எழுந்தது. டீக்கடைக்காரர் கெட்டிலைச் சாய்த்த கையோடு நின்றுவிட்டார். பழக்கதோஷம். தொப்பிக்காரரும் ஒரு தொப்பியைத் தலைக்கு மேலே பிடித்தபடி உறைந்தார்.

ஜன்னலக்கா கண்ணை மூடித் திறந்தாள். கூட்டம் இல்லை, கத்தல் இல்லை என்று அவள் சொன்ன பயணத்தில் ஊரே கேட்கக் கத்தியாகிவிட்டது. குறைகிற ஆளோ எதிரில் நின்று சார்ஜர் கேட்கிறார். இவர்தான் ஜன்னலை மூடப்போகிறவர். இவர் மனம் கோணாமல் சார்ஜரைக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் ஒருவேளை ஜன்னல் தப்பிக்கும்.

அவள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். கொக்கி போட்டாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

முதலாளி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக உட்கார்ந்த நிலையிலேயே பார்த்த பெண், எழுந்து நின்றால் தன்னைவிட ஒரு தலை உயரம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இருக்குய்யா! ரெண்டும் இருக்கு!" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல், நகராமலே. தொப்பிக்காரர் முகம் தொங்கியது.

"போனக் குடுங்க முதலாளி."

உள்ளங்கையை நீட்டினாள்.

"ஏய், நான் யாரு தெரியுதா?"

"தெரியுது. குறையுற ஆளு."

"இந்தா பாரு..."

"ஆள் குறைஞ்சா வண்டி நகரக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதானே? உள்ள ஒருத்தங்க நகராம நிக்கறாங்க. என் ஜன்னல நாளைக்கு மூடிக்குங்க. இன்னிக்கு இது என் பயணம். என் பயணத்துல ஆள் குறையக் கூடாது. குடுங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. முதலாளி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேலே சுற்றும் புறாக்களைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் கோலியைப் பிடுங்கக் கொடுக்கிற பையனைப் போலக் கொடுத்தார். அடிக்கிற போனை அப்படியே உள்ளே கொண்டுபோய் டிக்கெட் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். முதலாளி பின்னால் நடந்தார்.

மண்டபத்துக்குள் நடுநாயகமாகக் குடைக்காரர் நின்றிருந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தது. தோட்டக்காரர் ஒருவர் வாசலில் பூவாளியோடு சிலையாக நின்றார். காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கச் சுவரில் முதலாளியம்மா, வைத்த காதை எடுக்காமல் நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஜன்னலக்கா ஓடினாள். கிட்டே போனால், சிரிப்பு. கண்ணில் தண்ணீரும் இருந்தது. எதனால் எது வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

"நான் தூணுக்குப் பின்னாடிதான் இருந்தேன்" என்று குடைக்காரர் மனைவியிடம் முனகினார். முனகலும் கூரைவரை போய் வந்தது. "அம்மா சுவத்துல 'ஏங்க, கேக்குதா'ன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. பதில் இல்ல. மறுபடியும் 'கேக்குதா'ன்னாங்க. எட்டிப் பாத்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. வாய் தானா தொறந்துக்கிச்சு, என்ன பண்ணட்டும்?"

"அது... டயர்..." என்று தொடங்கினார் முதலாளி.

"யாரும் நகரக் கூடாதுன்னு சொன்னாரு. அதான் நகரல" என்றார் முதலாளியம்மா, சுவரிடமே. "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு ஆள் குறையுதுன்னு எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் ஒருத்தர் அதச் சத்தமா சொன்னாரு."

கூரை அதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. முதலாளிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போன் இல்லாத கை. வெறும் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போய் அந்தச் சுவத்துகிட்ட நில்லுங்க" என்றார் அம்மா.

போனார். காதை வைத்தார். குடைக்காரர் விரலை நீட்டி, அடக்க முடியாமல், "ஒண்ணு... ரெண்டு. சரியா இருக்கு" என்றார். ஜன்னலக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று அதனால் யாருக்கும் தெரியாது. குடைக்காரருக்கு மட்டும் கதவிடுக்கில் காதை வைக்க ஆசை. அவள் பார்த்த பார்வையில் ஆசை அடங்கியது.

இழுப்பறைக்குள் போன் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திறக்கவில்லை. வெயில் இறங்கி, கடைகள் சாத்தத் தொடங்கி, போனுக்கே உயிர் போய் அடங்கிவிட்டது. போனைக் கேட்டு யாரும் வரவில்லை. தொப்பிக்காரர் மட்டும் வந்து, குளத்துப் படிக்கட்டில் முதலாளியும் அம்மாவும் உட்கார்ந்திருப்பதாகவும், முதலாளி புறாவுக்குப் பொரி போடுவதாகவும், கண்ணால் பார்த்ததாகவும் சத்தியம் செய்தார். பந்தயத்தில் தோற்றவர் பேச்சை யார் நம்புவது?

மறுநாள் ஜன்னலைத் திறக்கும்போதே கையில் பூட்டையும் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. முதலில் வந்தது முதலாளியம்மா. டிக்கெட் வாங்க வருகிறவர்களைப் போலவே ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"ரெண்டு பேர் மட்டும் போற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

"நேத்துதானேம்மா போனீங்க?"

"நேத்து பாதியிலதானே ஆள் வந்து சேந்தாரு? முழுசா ஒண்ணு போடு. அடுத்த மாசத்துக்கு."

பின்னால் முதலாளி நின்றார். கை சும்மா தொங்கியது. அவள் இழுப்பறையைத் திறந்து உயிரில்லாத போனை எடுத்து நீட்டினாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காதில் வைக்கவில்லை.

"டிக்கெட்டு வர்றவங்க போன்லயே எடுக்கட்டும்" என்றார் தொண்டையைச் செருமி. "ஆனா அந்தப் போன வாங்கி வைக்க ஒரு ஆளு வேணும்ல? ஜன்னல் இருக்கட்டும். இழுப்பறையக் கொஞ்சம் பெருசா செஞ்சுக்க."

அம்மா திரும்பிப் பார்த்தார். "குடைக்காரரும் இருக்கணும்" என்றார். "தூணுக்குப் பின்னாடி."

ஜன்னலக்கா பூட்டை மேசைக்குக் கீழே காலால் தள்ளினாள்.

அந்த வாரமே தச்சர் வந்து பெரிய இழுப்பறை போட்டார். புதிதாகச் செய்த மரத்துக்கு வாசம் போகுமுன் முதல் ஜோடி வந்தது. மாப்பிள்ளைக்கு மீசை அரும்பு, பெண்ணுக்கு வாயெல்லாம் பல். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவள் உள்ளங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"போனு."

"அக்கா, போட்டோ எடுக்கணுமே..."

அவள் தலையைத் திருப்பி, சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். இந்தக் கோடியில் குடை, அந்தக் கோடியில் புடவை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் சமாதிக்குப் போனதும் ஜன்னலைச் சாத்தப்போவதாக அவள் ஏற்கெனவே குடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். ரகசிய மண்டபத்தில் இந்தப் பக்கச் சுவரில் அவள், அந்தப் பக்கச் சுவரில் அவர். மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ள அவருக்கு ஞாயிறுவரை நேரம் கொடுத்திருக்கிறாள். சமையலறையில் தினமும் பழகிக்கொண்டிருக்கிறார். அடுத்த வீட்டுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"போட்டோ கெடக்குது, குடுங்க" என்றாள் அந்தப் பையனிடம். நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை.